மணிக்கட்டில் வெந்தய வாசனை

என் வலது காலில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. கட்டைவிரலும் அதன் பக்கத்து வீட்டுக்காரரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். மீதி மூன்றையும் பாதத்தோடு சேர்த்து முழங்காலுக்குக் கீழே எடுப்பதா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதா என்று வருகிற திங்கட்கிழமை சர்ஜன் சொல்வார். ‘பார்ப்போம்’ என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஜன்னலைப் பார்க்கிறார். எனவே எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் கிடையாது. நடுவில் நான்கு நாள் வீட்டில் இருக்கலாம் என்று அனுப்பி வைத்திருக்கிறார்கள். காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சர்க்கரை உள்ள வேறு யாருக்காவது பயன்படலாம். எனக்குப் பயன்படும் கட்டம் தாண்டிவிட்டது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். லாரி பிரேக்குக்குப் போகிற இரும்புச் சாமான்களை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை அட்டை. தவறாக இருந்தால் சிவப்பு அட்டை கட்டிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்தே இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் என் மனைவி கோமதி செய்துவந்தாள்.

சர்க்கரை எனக்கு ஒன்பது வருடமாக. எங்கள் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். பத்திரப் பதிவுகூடத் தேவைப்படவில்லை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை என்று நானும் அதுவும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி குடித்தனம் நடத்திவந்தோம். போன வருடம் மூன்று மாதச் சராசரி ஏறிவிட்டது. இது ஒரு ரத்தப் பரிசோதனை. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்றும் என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்தது. கடந்த மூன்று மாதம் என்ன தின்றீர்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் ஏறினால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஊசி என்றால் பயம். அந்தப் பயத்தின் மேல்தான் பின்னால் வந்த என் அறிவியல் எல்லாம் உட்கார்ந்திருந்தது.

பூந்தமல்லி போகும் வழியில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தியம். அங்கே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சர்க்கரை நோய்க்கு வெந்தயம் உதவுமா என்று சோதிக்கப் போகிறார்களாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். இமயமலை மூலிகை எதுவும் இல்லை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அதே வெந்தயம். ஊசியா வெந்தயமா என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மா சின்ன வயது, பெரிய கண்ணாடி. எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு கேப்சூல். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெந்தயம், மீதிப் பேருக்கு அதே நிறம் அதே எடையில் டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. இது ஒரு கண்ணாமூச்சி, ஆனால் ஒளிகிறவர் தேடுகிறவர் இரண்டு பேருக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். இரண்டே நிபந்தனை. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வழக்கமான சமையலில் சேர்வது தவிர வெளியில் வெந்தயம் சாப்பிடக் கூடாது. பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்து இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். பிழை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நிபந்தனைகள் மனதில் நிற்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பாதிப் பேருக்கு சும்மாவா?”

“ஆமாம்மா. அப்பத்தான் மருந்து நிஜமாவே வேலை செய்யுதான்னு தெரியும்” என்றார் டாக்டரம்மா.

கோமதி தலையாட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தேறாத கத்தரிக்காயைப் பார்ப்பது போல.

மாதம் ஒரு நாள் போக வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். அப்புறம் கேண்டீனில் இட்லி. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கழிக்க வரிசையாக இரும்பு நாற்காலிகள், சத்தமில்லாத ஒரு டிவி. அங்கேதான் காதர் பாய் அறிமுகமானார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் அத்தர் கடை வைத்திருப்பவர். அவரும் என்னைப் போலச் சோதனை எலி. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பூந்தமல்லியிலிருந்து நடந்தே வருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் டெட்டால் நெடி போய்ச் சந்தன வாசனை வரும். அதற்காகவே பலர் அவர் பக்கத்து நாற்காலிக்குப் போட்டியிட்டார்கள்.

இரண்டாவது மாதம் அவர் என்னிடம் கையை நீட்டச் சொன்னார். கைரேகை பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அத்தர் பூசிப் பார்க்கிற இடமான மணிக்கட்டின் உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு தடவை மெதுவாக இழுத்தார்.

“சார், உனக்கு அசல் வந்துகீது.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“வேர்வையில வெந்தயம் அடிக்குது சார். தோசை துன்னா இந்த வாசம் வராது. டெய்லி நெறைய உள்ள போய்கினே இருந்தாதான் மேல வரும். முப்பது வருசமா இந்த மூக்குதான் எங்க ஊட்டுக்குச் சோறு போடுது.” பிறகு தன் மணிக்கட்டையும் மோந்து பார்த்தார். “நமக்கு மாவு தான் போலகீது. பரவால்ல, யாருக்காச்சும் மாவு போயித்தானே ஆவணும்.”

அம்பத்தூர் திரும்புகிற பஸ்ஸில் என் மணிக்கட்டை நானே மோந்துகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் சொன்னது உண்மைதான். லேசாக, கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் இனிப்புமாக, வெந்தயம். உடம்புக்குள் மருந்து ஓடுகிறது, அதன் நெடி மேலே வருகிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? எல்லார் கண்ணையும் கட்டினார்கள், மூக்கைக் கட்ட மறந்துவிட்டார்கள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தரப் பரிசோதனையில் முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பது. எண்ணெயையும் மாற்றி இயந்திரத்தையும் மாற்றினால் சாமான் ஏன் நன்றாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மாத்திரையும் சாப்பிடுகிறேன், வெந்தயமும் சாப்பிடுகிறேன். சர்க்கரை இறங்கினால் பெருமை யாருக்கு? இந்தச் சோதனையை வடிவமைத்தவர்கள் இதைக்கூட யோசிக்கவில்லையே என்று அவர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அவர்கள் யோசித்துத்தான் டம்மி கோஷ்டி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் நான். படித்தவன் ஏமாறும்போது அடிக்குறிப்போடு ஏமாறுகிறான்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கோமதி அட்டையை எண்ணுவாள் என்பதால் தினமும் இரண்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொழிற்சாலையில் என் மேசைக்கு அடியில் இருந்த ஒரு டப்பாவில் சேர்த்தேன். டப்பாவுக்குச் சிவப்பு அட்டை கட்டினேன். ‘நிராகரிக்கப்பட்டது. காரணம்: தேவையில்லை’ என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன். பாயிடம் மட்டும் அடுத்த மாதம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

“அது வேணாம் சார். நானு இன்னா டாக்டரா? மூக்கு தான சொல்லிச்சு.”

மூக்கை நம்பாத மூக்குக்காரர் என்று அவரைக் கிண்டல் செய்தேன்.

வீட்டில் விரலைக் குத்தி அளக்கும் கருவி இருந்தது. எண்கள் ஏறின. இருநூற்றைம்பது, இருநூற்றுத் தொண்ணூறு. கருவிதான் தவறு என்று முடிவு செய்தேன். சோதனைப் பட்டை பழசு, காற்றில் ஈரம், பேட்டரி சரியில்லை. ‘சாமான் சரிதான் சார், உங்க அளவுகோல்தான் தப்பு’ என்று சொல்கிற லேத் ஆட்களை இருபத்தெட்டு வருடமாகக் கேலி செய்தவன் நான். அவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குள் குடிவந்துவிட்டார்கள்.

அந்த மாதங்களில் வீட்டில் பாகற்காய் ரொம்ப அதிகமானது. பொரியல், பிட்லை, வற்றல், மறுபடி பொரியல். சப்பாத்தி கசந்தது, மோர் கசந்தது. நாக்கில் தங்கிய பாகற்காய் என்று நினைத்து விழுங்கினேன். கோமதி எதிரில் உட்கார்ந்து, கடைசி வாய் வரை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். திருமணமான புதிதில்கூட அவள் நான் சாப்பிடுவதை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. மாங்காடு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோவதாக வேண்டிக்கொண்டு, ஆறு வாரமும் போய்வந்தாள். எனக்குத் தெரியாமலே எனக்காக நிறைய வேலை நடந்துகொண்டிருந்தது.

நான்காம் மாதம் டாக்டரம்மா என் பாதங்களைச் சோதித்தார். நைலான் நரம்பு ஒன்று, தூண்டில் நரம்பு மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி அதன் நுனியால் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள். பட்டால் ‘தெரியுது’ என்று சொல்ல வேண்டும். சர்க்கரை நாள்பட்டால் காலில் உணர்ச்சி போய்விடும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இது. நான் ஒரு தாளம் பிடித்துக்கொண்டு இடைவெளி விட்டு விட்டு ‘தெரியுது, தெரியுது’ என்றேன். கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா நரம்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றார் என்று நான் கேட்கவில்லை.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். சர்க்கரை இப்படி ஏறக் கூடாதே, உங்கள் டாக்டரை உடனே பாருங்கள், செருப்பும் ஷூவும் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். ஒரு நாளில் நாலாயிரம் சாமான்களைப் பார்க்கிறவனுக்கு ஒரு ஷூவுக்குள் பார்க்க நேரமில்லை.

லேத்தில் இரும்பைச் சீவும்போது சுருள்சுருளாகச் சீவல் விழும், பிளேடு மாதிரி இருக்கும். அதில் ஒரு துண்டு எப்படியோ என் வலது ஷூவுக்குள் போய்விட்டது. ஷிஃப்ட் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறேன். எஸ்டேட்டிலிருந்து வீடு வரை நடந்திருக்கிறேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. வாசலில் நான் கழற்றிப் போட்டதை எடுத்துப் பார்த்த கோமதி, உள்ளே வந்து கேட்டாள்.

“நீங்க சிவப்பு சாக்ஸ் எப்ப வாங்கினீங்க?”

நான் சிவப்பு சாக்ஸ் வாங்கியதே இல்லை.

பவுடர் போட்டுக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஆண்மையோடு இருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், குளிர், கட்டைவிரல் கத்தரிக்காய் நிறம். கோமதி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அளந்தால் சர்க்கரை நானூற்றுப் பத்து. அவர்களுடைய கருவியும் தவறு என்று சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன், நாக்குத்தான் புரளவில்லை.

சர்ஜன் பென்சிலை வைத்து விளக்கினார். புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டது. ரத்தம் சரியாக ஓடினால் புண் ஆறும். காலில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஒலி மூலம் கேட்கிற ஒரு சோதனை உண்டு, டாப்ளர் என்று பெயர். கணுக்காலில் பசையைத் தடவி ஒரு பேனா மாதிரி கருவியை வைத்தால், ஆரோக்கியமான காலில் ‘உஷ் உஷ்’ என்று ரயில் இன்ஜின் சத்தம் வரும். என் இடது காலில் வந்தது. வலது காலில் வைத்தபோது ரொம்ப தூரத்தில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்தான் கேட்டது. அடுத்த நாள் காலை இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வார்டு. எல்லாருக்கும் கால்தான் வியாதி. வார்டு ஆயா எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். எதிர்ப் படுக்கைக்காரர் ‘குதிகால்’, ஜன்னலோரத்தில் இருந்தவர் ‘முட்டி’, நான் ‘கட்டவெரலு’. “கட்டவெரலு, எய்ந்து ஒக்காரு, கஞ்சி வந்துகீது” என்று அவர் கூப்பிடும்போது, இல்லாத ஒன்றின் பெயரால் அழைக்கப்படுவது பற்றித் தத்துவமாக ஏதோ தோன்றும். பிறகு கஞ்சி ஆறிவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வார்கள். எனக்கு வலிக்காது. வலிக்காதது நல்லதில்லை என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ‘முட்டி’ வலி தாங்காமல் கத்துவார். வார்டில் எல்லாரும் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.

ஊசி பயத்தில் தொடங்கிய கதையில் இப்போது தினம் நான்கு ஊசி. குத்துவது தெரியவே இல்லை. இதற்கா பயந்தேன் என்று நினைத்தபோதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. கோமதி டிபன் கேரியரைத் திறக்கும்போது வளையல் சத்தம் குறைந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் முதலில் என் முகத்தைத் துடைப்பாள், அப்புறம்தான் காலைப் பார்ப்பாள். பார்க்கும்போது அவள் முகத்தில் எதுவும் இருக்காது. வெளியே போய் ஐந்து நிமிடம் கழித்து வருவாள், கண் கழுவியிருக்கும்.

சேர்த்த நான்காம் நாள் ரவுண்ட்ஸில் சர்ஜன் நேராகக் கேட்டார், மாத்திரை சாப்பிட்டீர்களா இல்லையா என்று. கோமதி பக்கத்தில் நின்றாள். உண்மையைச் சொன்னேன். டப்பாவில் எத்தனை இருக்கும் என்றார். நூற்று முப்பத்தெட்டு என்றேன். எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த வசவு ஒரு வாரம் நிற்கவில்லை. முகம் துடைக்கும்போது வசவு, மோர் ஊற்றும்போது வசவு. “சயின்டிஸ்ட்டாம் சயின்டிஸ்ட்டு. இரும்புக் கடையில ஸ்கேல் புடிக்கிறவரு கண்டுபிடிக்கப் போறாராம்” என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமும் என்னை அறிமுகம் செய்தாள். ‘குதிகால்’ ஆமோதித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வாரம் எனக்குத் தெம்பாக இருந்தது. பிழைக்க மாட்டான் என்று நினைத்தால் யாரும் இப்படித் திட்ட மாட்டார்கள்.

சோதனையில் இருப்பவருக்கு இந்த மாதிரி ஏதாவது பெரிதாக நேர்ந்தால் யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருக்கும் உறைகளில் அவருடையதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. டாக்டரம்மா ஒரு நாள் மத்தியானம் வந்து படுக்கை ஓரத்தில் நின்றார். முகம் வாடியிருந்தது.

“சார், உங்களுக்கு வந்தது டம்மி. வெறும் மாவு.”

இருக்க முடியாது, என் வேர்வையில் வெந்தயம் அடித்தது என்றேன். அவர் குழம்பிப்போய், வெளியில் வெந்தயம் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன், பச்சை அட்டை கட்டுகிற உறுதியோடு.

சாயந்தரம் கோமதி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மாவைத்தான் தின்றிருக்கிறேன் என்று. அவள் துண்டை மடித்துக்கொண்டே சிரித்துவிட்டாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது அந்தச் சிரிப்பில்.

“எனக்கு அப்பவே தெரியும். பாதிப் பேருக்கு சும்மான்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. உங்க அதிர்ஷ்டம் எனக்குத் தெரியாதா? இத்தனை வருசத்துல குலுக்கல்ல ஒரு பிளாஸ்டிக் டப்பாகூட விழுந்ததில்ல உங்களுக்கு. அதான் நானே வறுத்துப் பொடி பண்ணி வச்சுக்கிட்டேன். மோர்ல ஒரு ஸ்பூன், சப்பாத்தி மாவுல ஒரு ஸ்பூன், குழம்புல ஒரு ஸ்பூன். கசப்பு தெரிஞ்சா கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் பாகற்காயா வாங்கித் தள்ளினேன்.”

 நல்ல வேலை செய்தாய் என்று சொன்னதாக ஞாபகம். மணிக்கட்டைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். பாயின் மூக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ‘கம்பெனிப் புத்தி, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும் என்று நிறுத்தினேன்’ என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அந்த வாசனை வந்திருக்காவிட்டால் நிறுத்தியிருக்க மாட்டேன் என்பதைச் சொல்லவில்லை. இனி சொல்வதில்லை என்று அப்போதே தீர்மானித்தேன். முட்டாள்தனம் முழுக்க என்னுடையது, ரசீதோடு என் மேசைக்கு அடியில் இருக்கிறது. அதில் அவளுக்கு ஒரு ஸ்பூன்கூடப் பங்கு கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் பாயிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். சோதிக்கிறவனுக்கு எல்லா ஓட்டையும் கண்ணில் பட வேண்டும். என் தொழில் லட்சணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பாய் வந்தார். மாதாந்திர ரத்தம் கொடுக்க வந்தவருக்கு விஷயம் தெரிந்து மேலே ஏறி வந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அவருக்குப் போனது வெந்தயமா மாவா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. மாத்திரையை ஒரு வேளையும் விட்டதில்லை, நடையையும் விட்டதில்லை. அதை நிரூபிக்க எந்த உறையும் பிரிக்க வேண்டியதில்லை. புண்ணில் போட்ட கட்டிலிருந்து வரும் நெடிக்கு ஆகட்டும் என்று ஒரு சின்ன அத்தர் சீசாவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். என் காலைப் பார்த்தார். கோமதி அப்போது தம்ளரில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கையைக் கூப்பினார்.

“தப்பு என்னுதும்மா. சாரு கைய மோந்து, வெந்தயம் அடிக்குது, உனக்கு அசல் தான் வந்துகீதுன்னு நான் தான் சொன்னேன். அத்த நம்பித் தான் சாரு மாத்திரைய நிறுத்துனாரு. இந்த மூக்க அறுத்துப் போடணும்.”

பேச்சை மாற்றலாம் என்று, விடுங்கள் பாய், எனக்கு வந்தது டம்மிதான் என்று நானே வாயை விட்டேன். பாய் புருவத்தைச் சுருக்கினார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. தொழில் சந்தேகம்.

“அப்ப அந்த வாசம் எங்கேர்ந்து சார் வந்துது?”

 கோமதி தம்ளரில் பாதி ஊற்றியதை அப்படியே நிறுத்தினாள். ஊற்றியதைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டி, மூடியைப் போட்டு அழுத்தி மூடினாள். பாய் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அல்லா இருக்கிறான் என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கு நின்றது வசவு.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, எதையும் கேட்கவில்லை. நானாக எத்தனையோ விதத்தில் ஆரம்பித்துப் பார்த்தேன். நிறுத்தியது நான், மறைத்தது நான், ஷூவுக்குள் பார்க்காதது நான் என்று வரிசையாகச் சொன்னேன். “ம்” என்றாள். மறுநாளும் இரண்டு பஸ் மாறி வந்தாள், முகத்தைத் துடைத்தாள், காலைப் பார்த்தாள். வெளியே போகாமல் அங்கேயே நின்றாள். என்னைத் திட்டுவதற்கான உரிமத்தை யாரோ அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. ஆயாகூடக் கேட்டார், “இன்னா கட்டவெரலு, உன் ஊட்டம்மா சத்தத்தையே காணோம்?”

புண் மூடவில்லை. டாப்ளரில் அந்தச் செருப்புச் சத்தமும் இன்னும் தள்ளிப் போய்விட்டது. நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள், திங்கட்கிழமை முடிவு செய்வோம் என்று சர்ஜன் ஜன்னலிடம் சொன்னார். வீட்டுக்கு வந்தேன். கோமதி சமையலறைக்குள் இருந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தாவி அதன் வாசற்படி வரை போய் எட்டிப் பார்த்தேன். அஞ்சறைப் பெட்டி திறந்திருந்தது. கடுகுக்குப் பக்கத்துக் கிண்ணம் காலி. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நேற்றுக் காலை இட்லி. இட்லிக்கு அரைக்கும்போது அரிசி உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போடுவது எல்லார் வீட்டிலும் வழக்கம், இட்லி பூப்போல வருவதற்கு. இது பூப்போல இல்லை. எங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பினால் அளந்து பச்சை அட்டை கட்டியிருப்பேன். விண்டு வாயில் போட்டுக்கொண்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியாவது நாலு வசவு வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. உலகத்திலேயே ஆபத்தான ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன்.

“இட்லி கல்லு மாதிரி இருக்கு.”

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இப்படிச் சொல்லிவிட்டு நான் முழுசாக ஒரு வேளை சாப்பிட்டு எழுந்ததில்லை. காத்திருந்தேன்.

“சரி. நாளைக்கு மாத்திடறேன்” என்றாள்.

இன்று காலை கோதுமை தோசை. அதற்கு எதையும் ஊறவைக்க வேண்டியதில்லை.